இயற்கைக் காட்சி காண அனுமதி கோரி

1

எங்கள் அம்பாங்கான் வீட்டின் சாப்பாட்டு மேசையில் இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இல்லை. அதன் மேல் ஒரு வரைபடத்தை விரித்துப் போட்டிருக்கிறார்கள். என் பேத்தி வசந்தாவும் அவள் கணவர் தியாகுவும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பகாங் மலையில் இருக்கும் ஓர் ஏரியைப் பார்க்கக் காரில் போகப் போகிறார்கள். தியாகு பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். வாங்கிய நாளிலிருந்து எந்த இடமும் அவருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

"மீ கோரேங் பொட்டலம் கட்டிக்கிட்டா போதும்லா, வழியில நிக்க வேணாம்" என்றார் தியாகு.

"அந்த எண்ணெய்ச் சாப்பாட்ட தின்னுட்டு புக்கிட் தங்கா வளைவுல புள்ளைங்க வாந்தி எடுத்தா? உங்க காரு, நீங்கதான் கழுவணும், சொல்லிட்டேன்."

"அப்ப ரொட்டி."

"ரொட்டியக் கண்டா ரவி தொடமாட்டான்."

ரவி அவர்கள் மகன், ஏழு வயது. அவனும் தங்கை மீனாவும் தமக்குள் இங்கிலீஷில்தான் சண்டை போடுவார்கள். தமிழ் என்பது என்னிடம் காசு கேட்கும்போது மட்டும் வெளியே எடுக்கும் பாஷை. ஏரி என்றால் என்ன தெரியுமா என்று அவனைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பெரிய லொங்காங் தானே, தாத்தா?" என்றான். லொங்காங் என்றால் இங்கே சாக்கடை. காவிரிக் கரையில் பிறந்தவனின் கொள்ளுப் பேரன்.

வசந்தா அடுக்களைப் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்களும் வாங்கலா. காருல எடம் இருக்கு" என்று கத்தினாள்.

அவள் அம்மா, அதாவது என் மகள் கமலம், வெளியே வராமலே பதில் சொன்னாள்: "நான் பாத்தாச்சு. நீங்க போய்ட்டு வாங்க."

அதற்கு மேல் யாரும் அவளை வற்புறுத்தவில்லை. ரொட்டியா மீ கோரேங்கா என்ற வழக்கு தொடர்ந்தது. அரை நாள் பயணம். எண்ணெய் நிலையங்கள் வழியெல்லாம் இருக்கின்றன. மாநில எல்லையில் ஒரு பலகை நிற்கிறது, அவ்வளவுதான். அதைப் படிக்கும் முன்னே கார் தாண்டிவிடும். இதற்கு ஒரு வாரமாகத் திட்டம் தீட்டுகிறார்கள்.

ஊரில் இருந்து எனக்கு எழுதும் உறவினர்கள், ஜப்பான்காரன் காலத்தை நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று அழுதே கழித்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிழங்கு தின்றது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் நான் பிள்ளைகளோடு உல்லாசப் பயணமும் போனேன், அதுவும் இதே ஏரிக்கு, முறைப்படி முத்திரை குத்திய அனுமதியோடு. நம்பமாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

2

என்னைப் பற்றிச் சில வரிகள். மாயவரத்தில் பள்ளி இறுதி வகுப்பு தேறி, கப்பலேறி வந்து, ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாகச் சேர்ந்து பெரிய கிராணியாக ஓய்வு பெற்றவன். கிராணி என்றால் தோட்ட ஆபீஸ் குமாஸ்தா. துரை கையெழுத்துப் போடுவார். எங்கே போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டுவது நான். அப்படிப் பல வருஷம் விரலை வைத்துக் காட்டியதில், அரசாங்கம் என்பது எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாத மனிதர்களின் கூட்டம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். ஜப்பான்காரன் வந்தான், முடிவை மாற்றிக்கொள்ளும் அவசியம் ஏற்படவில்லை.

என் மகள் கமலத்தைப் பகாங் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிராணிக்குக் கட்டிக் கொடுத்திருந்தேன். நல்ல பையன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் சம்மதித்ததற்கு அது பாதிக் காரணம். யுத்தம் வருவதற்குச் சற்று முன், கமலம் மூன்று பிள்ளைகளோடும் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே காய்ச்சல் என்று தகவல் வந்தது. பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு, "ஒரு வாரத்துல வந்துடுறேம்பா" என்று பஸ் ஏறிப் போனாள். கடைக்குட்டி அம்மு அப்போதுதான் பால் மறந்திருந்தாள்.

அந்த ஒரு வாரத்துக்குள் குண்டு விழுந்தது, பாலங்கள் உடைந்தன, வெள்ளைக்காரத் துரைமார்கள் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். புதிய துரைமார்கள் வந்து, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போக அனுமதி வேண்டும் என்றார்கள். பிறகு மாப்பிள்ளையை, காய்ச்சல் தெளிந்த உடம்போடு, சயாம் ரயில் பாதை வேலைக்குக் கணக்கு எழுத என்று கொண்டுபோனார்கள். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்களாம். மாதங்களை எண்ணும் முறை அவர்களுக்கு வேறு.

அவர் பெயர் தேயிலைத் தோட்டத்து ஆள் பதிவில் இருந்தது. பெயர் இருக்கும்வரை குடும்பம் அங்கேயே இருக்க வேண்டும், தலை எண்ணிக்கை குறையக் கூடாது என்பது அங்கிருந்த ஜப்பானிய மேற்பார்வையாளரின் சட்டம். ஆகவே கமலம் அங்கே கூடை கட்டிக் கொழுந்து பறித்தாள். பிள்ளைகள் இங்கே என் சமையலைத் தின்றார்கள். இரண்டில் எது பெரிய தண்டனை என்று சொல்வது கஷ்டம்.

அம்மா என்றால் அம்முவுக்குச் சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோ. "அம்மா எங்கடா?" என்று கேட்டால் சுவரைக் காட்டுவாள். மூத்தவள் வசந்தா அப்போது ஒன்பது வயதுக்காரி. "தாத்தா, இவ அம்மாவ ஆணியில மாட்டி வச்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்கா" என்று சொல்லிச் சிரிப்பாள்; பிறகு பின்கட்டுக்குப் போய்விடுவாள். நடுவில் பிறந்த சேகர் ஜப்பானியப் பாட்டுப் பாடிப் பள்ளிக்கூடத்தில் இனிப்பு வாங்கிக்கொண்டு வருவான். அவன் பாடுவது என்ன என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. வாத்தியாருக்கும் தெரியாது என்பது என் சந்தேகம்.

பிள்ளைகளை அவர்கள் தாயிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அப்போது எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

3

முதல் மனுவைத் தாயைப் பார்க்க என்று உண்மையாகவே எழுதினேன். ஓய்வு பெற்ற கிராணி செய்யக்கூடாத தவறு. சிரம்பான் ஆபீசில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் சின்னையா, ஒரு காலத்தில் என் கீழே மை தொட்டு எழுதிப் பழகியவன். அவன்தான் மனுவைத் திருப்பிக் கொடுத்தான்.

"பெரிய கிராணி ஐயா, தாய்ப்பாசம் யுத்த காரியத்துல சேராதாம். ஆபீசர் சொல்லச் சொன்னாரு."

"அவருக்குத் தாய் உண்டாமா? கேட்டியா?"

"ஐயா, மெல்லப் பேசுங்க. எனக்கும் புள்ளக்குட்டி இருக்கு."

இரண்டாவது மனுவில் வியாபார நிமித்தம் என்றேன். உமக்கு என்ன வியாபாரம் என்று கேட்டார்கள். ஓய்வு என்றேன். அதற்கும் அனுமதி இல்லை.

மூன்றாம் தடவை சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் என்றால் சுவரைப் படிக்க வேண்டும். ஆபீசர் மறந்ததும் சட்டம் மறந்ததும் சுவரில் இருக்கும். புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கீழ்த்திசை இளம் தலைமுறை மலைகளையும் நீர்நிலைகளையும் கண்டு மனத்தைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும், பொறுப்புள்ள பெரியவர்கள் இதற்கு ஆவன செய்க, என்று மூன்று பாஷையில் அச்சடித்திருந்தது. அரிசி வாங்க எல்லை தாண்டினால் உதைப்பார்கள். மனத்தைத் தூய்மைப்படுத்தத் தாண்டினால் ஆவன செய்வார்கள். இது சட்டம். நான் சட்டத்தை மதிப்பவன்.

அங்கேயே ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதினேன். மலையின் மேல் பனி, ஏரியின் மேல் மேகம், பிஞ்சு உள்ளங்களில் ஏற்படும் உணர்ச்சி எல்லாவற்றையும் போட்டேன். கமலம் இருந்த தேயிலைத் தோட்டத்தில்தான் அந்த ஏரி. நான் அதைப் பார்த்ததே இல்லை. மகள் கல்யாணம் ஆகிப் போனபோது, யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை தோணி விட ஆசைப்பட்டு ஓடையை மறித்துக் கட்டியது என்று கேள்விப்பட்டதோடு சரி. மனுவில் அதைத் தேவலோகத்துக்குச் சமீபம் கொண்டுபோய் வைத்தேன். போகிறவர்கள் என்ற இடத்தில் "ஓட்டுநர் ஒருவர், பொறுப்புள்ள பெரியவர் ஒருவர், குழந்தைகள் மூவர்" என்று எழுதினேன். பெயர் எழுதவில்லை. கேட்காத இடத்தில் பெயரை எழுதாதே என்பது சின்னக் கிராணிக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம். பெயர் இருந்தால் கேள்வி வரும்.

சின்னையா வாசித்துவிட்டு வியர்த்தான். "ஐயா, இத நான் எப்படி ஜப்பானில சொல்றது? 'மேகம் ஏரியின் கன்னத்தை வருடும்'னு எழுதியிருக்கீங்க!"

"மேகம் தண்ணிக்கு மேல இருக்குன்னு சொல்லு. மீதியை அவரே நெனச்சுக்குவாரு."

நினைத்துக்கொண்டார். ஆபீசர் எழுந்து நின்று ஜன்னல் வழியாகத் தூரத்து மலையைப் பார்த்தார். கண் கலங்கியது என்று சின்னையா பிறகு சத்தியம் செய்தான். அவர் ஊரிலும் ஓர் ஏரி இருக்கிறதாம். உடனே முத்திரை குத்தினார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு குழந்தையும் திரும்பி வந்து ஏரியைப் படமாக வரைந்து தர வேண்டும் என்றார். ஏரிக் கரையில் நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்றார். கடைசியாக, அது தேயிலைத் தோட்டம்தானே என்று ஞாபகம் வந்து, நல்ல தேயிலையாக ஒரு டின் கொண்டு வரச் சொன்னார். இயற்கையை டின்னில் அடைத்தால் அவருக்கு இன்னும் பிரியம்.

தாயைப் பார்க்க இல்லாத அனுமதி, தண்ணீரைப் பார்க்கக் கிடைத்தது.

4

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வசந்தா வந்து, "தாத்தா, குளிருக்கு ரெண்டு சுவெட்டர் போதுமா, மூணா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு அந்த முதல் பயணம் நினைவிருக்கிறது. பேசமாட்டாள். காரில் வைக்க ஒரு பழைய வாளி தேடிக்கொண்டிருக்கிறாள். வாந்திக்கு.

எங்கள் காருக்கும் வாளி தேவைப்பட்டது, கரி அள்ள. பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால், தோட்ட ஆஸ்பத்திரிக் காரின் பின்னால் ஒரு தகர அடுப்பைக் கட்டி, கரிப் புகையில் ஓட்டினார்கள். தேயிலை டின் என்றதும் ஆபீசர் அந்தக் காரையே இரண்டு நாளைக்கு விட்டுக் கொடுத்தார். நோயாளிகள் பொறுத்துக்கொள்வார்கள் என்றார். ஓட்டுநர் மாணிக்கம் எங்கள் தோட்டத்துப் பிள்ளை, முப்பது வயது. வாய் மட்டும் பெட்ரோலில் ஓடும்.

"கிராணி ஐயா, இது காரு இல்ல. சக்கரம் வச்ச அடுப்பு. ஏத்தம் வந்தா எல்லாரும் எறங்கித் தள்ளணும், இப்பவே சொல்லிட்டேன்."

"எறக்கத்துல?"

"எறக்கத்துல சாமி கும்புடணும்."

விடியற்காலையில் புறப்பட்டோம். வேகவைத்த கிழங்கு, தேங்காய்த் துண்டு, ஒரு கூஜா தண்ணீர். வசந்தா தங்கைக்குத் தலை வாரிப் பூ வைத்திருந்தாள். சேகர் பாட வேண்டிய பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். ரந்தாவைத் தாண்டும்போதே எனக்குத் தலை வலித்தது.

சிரம்பானைத் தாண்டி புக்கிட் தங்கா ஏற்றத்தில் கார் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு தள்ளினேன். பொறுப்புள்ள பெரியவர் அல்லவா. அம்முவைத் தனியாக விடப் பயந்து காருக்குள்ளேயே உட்கார வைத்திருந்தோம். அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "தள்ளுங்க! தள்ளுங்க!" என்று கட்டளையிட்டாள். "பாருங்கய்யா, இதுக்கும் ஒரு மண்டோர் வந்துட்டா" என்றான் மாணிக்கம். வேலையாட்களை மேய்க்கும் மண்டோரைச் சொன்னான். அவனுக்கு மண்டோர்களைப் பிடிக்காது.

அடுத்த வளைவில் நாங்கள் மூச்சு வாங்க நின்றபோது, வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "தாத்தா, அம்மாவுக்கு நம்மள அடையாளம் தெரியுமா?"

"தெரியாம?"

"அம்முவுக்கு அம்மாவத் தெரியாதே."

ஏறு என்றேன்.

5

ஜெலபுவைத் தாண்டிப் பகாங் எல்லை. சாலைக்குக் குறுக்கே மூங்கில், பக்கத்தில் ஒரு கொட்டகை, ஒரு ஜப்பானியச் சிப்பாய். எல்லோரும் இறங்கிக் குனிந்தோம். அவன் அனுமதியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து முத்திரையை மட்டும் நேராக்கிக்கொண்டான். பிறகு விரலை நீட்டி மலாயில் எண்ணினான். "சத்து, துவா." பெரியவர்கள் இரண்டு. "சத்து, துவா, தீகா." குழந்தைகள் மூன்று. மூங்கில் கம்பில் கரியால் இரண்டு பெரிய கோடும் மூன்று சின்னக் கோடும் போட்டான். நாளை திரும்பும்போது இதே கோடுகள் இருக்க வேண்டும், குறைந்தாலும் உதை, கூடினாலும் உதை என்பதை மலாயில் பாதியும் காலால் காற்றை உதைத்துக் காட்டிப் பாதியுமாக விளக்கினான். மிகத் தெளிவான நிர்வாகம்.

அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாளை அந்த இடத்தில் வேறு சிப்பாய் நிற்கலாம். அவனும் கோடுகளைத்தான் பார்ப்பான். அனுமதியில் பெரியவர் ஒருவர் என்று மட்டும்தான் இருந்தது. ஆணா பெண்ணா, கிழமா குமரியா என்று இல்லை.

அதுவரை என் திட்டம் எளியது. பிள்ளைகளைக் காட்டுவது, அழுவதானால் அழுவது, திரும்புவது. அந்த மூங்கிலைத் தாண்டியதும் திட்டம் மாறிவிட்டது. மாணிக்கத்திடம் சொன்னேன்.

"ஐயா, மேல குளிரு எலும்பக் கடிக்கும்."

"கடிக்க எலும்புதான் இருக்கு. கடிச்சுட்டுப் போகட்டும்."

6

பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். கமலம் கூடையோடு பாதையில் நின்றுகொண்டிருந்தாள். வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை. கரிப் புகையோடு ஒரு வண்டி வருவதை எல்லோரையும்போல அவளும் வேடிக்கை பார்த்தாள். வசந்தா இறங்கி ஓடினாள். சேகர், பாட்டை இங்கே பாடுவதா ஏரியில் பாடுவதா என்று குழம்பி, அழுதுகொண்டே இங்கேயே பாடத் தொடங்கிவிட்டான். அம்மு என் வேட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

"அம்மு, அம்மாடி. வா."

"வேணாம். அது யாரு?"

கமலம் கையை நீட்டியபடியே மண்டியிட்டிருந்தாள். கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எதிரே ஏரி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் யாரும் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. பிற்பாடு பிள்ளைகள் படம் வரைய வேண்டி வந்தபோது, சேகர் ஏரியில் ஒரு யானையைக் குளிக்க விட்டானாம். ஆபீசர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார் என்று சின்னையா சொன்னான்.

தோட்டத்து மேற்பார்வையாளர் சிப்பாய் அல்ல. வயதான சிவில் ஆள், இருமல்காரர். மாப்பிள்ளை போன பிறகு அவர் ஆபீசில் கணக்கு எழுத ஆள் இல்லை. காகிதங்கள் மேசையில் குவிந்து கிடந்தன. ஒரு பார்வை பார்த்தேன். கை அரித்தது. அரை மலாயில் பேரம் பேசினேன். ஒரு தலை போகும், ஒரு தலை வரும், எண்ணிக்கை குறையாது, அதோடு கொழுந்து பறிக்கத் தெரிந்த தலைக்குப் பதில் கணக்குத் தெரிந்த தலை. அவர் என்னையும் காகிதக் குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். சம்மதிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. நரைத்த தலைக்கு அந்தக் காலத்தில் கிடைத்த நல்ல விலை அது.

கமலத்திடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் வரலப்பா."

"புள்ள உன்னை யாருன்னு கேக்குது."

"தெரியும். காதுலதான் விழுந்துச்சே." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவர் சயாம்லேர்ந்து வந்தா எங்க வருவாரு? இங்கதானே வருவாரு. நான் இல்லாட்டி என்ன நெனப்பாரு? எல்லாரும் விட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு நெனச்சுக்க மாட்டாரா?"

"நான் இருக்கேன்ல?"

"நீங்க பொண்டாட்டியாப்பா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

"இதக் கேளு. அவன் கிராணி. எங்கேயிருந்து வந்தாலும் ஆபீசுக்குத்தான் மொதல்ல வந்து நிப்பான், பேரப் பதியணும்னு. வீட்டுக்கு அப்புறந்தான் போவான். உனக்கே தெரியும்."

"தெரியும்" என்றாள். "கல்யாணத்தன்னிக்கே லீவு சீட்டு எழுதிக் குடுத்துட்டுத்தானே வந்தாரு."

"அந்த ஆபீசுல நான் உக்காந்திருப்பேன். நீ ரந்தாவுல இருக்கேன்னு நான் சொல்லுவேன். அடுத்த லாரியில ஏத்தி விடுவேன்."

"சத்தியமா உக்காந்திருப்பீங்களா? குளிருது, கால் வலிக்குதுன்னு எறங்கி வந்துட மாட்டீங்களே?"

"கையெழுத்து வாங்காம நான் எந்த ஆபீச விட்டு எழுந்திருச்சிருக்கேன்?"

மறுநாள் காலை என் கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டேன். பொறுப்புள்ள பெரியவருக்கு ஒரு கோட்டு வேண்டும். வசந்தா தாயின் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஏறினாள். சேகர் தேயிலை டின்னை மடியில் வைத்துக்கொண்டான். அம்முதான் ஏறமாட்டேன் என்றாள். என் காலைக் கட்டிக்கொண்டு, "தாத்தா வரட்டும், அவங்க வேணாம்" என்று கத்தினாள். கமலம் அதைக் கேட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள், திரும்பவே இல்லை. பல வருஷம் கூலியாட்களிடம் உபயோகித்த குரலை எடுத்து, "ஏறு!" என்றேன். அந்தப் பிள்ளையிடம் நான் அந்தக் குரலில் பேசியதே கிடையாது. பயந்து ஏறிவிட்டாள்.

எல்லையில் கோடுகள் சரியாக இருந்தன. பெரியது இரண்டு, சின்னது மூன்று. மாணிக்கம் பிறகு சொல்லி அனுப்பினான். வேறு சிப்பாயாம். அம்மு வழியெல்லாம் அழுதாளாம். புக்கிட் தங்கா இறக்கத்தில் பயந்துபோய்க் கமலத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாளாம். அதன் பிறகு கையை எடுக்கவில்லையாம். காருக்கு நல்ல பிரேக் இல்லாததால் விளைந்த நன்மை.

7

நான் அந்த ஆபீசில் உட்கார்ந்தேன். மலையில் எல்லோருக்கும் காட்சி தெரியும். எனக்கு ஆபீஸ் ஜன்னலிலிருந்து பாதை தெரியும்படி மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். மேற்பார்வையாளர் காரணம் கேட்டார். வெளிச்சம் என்றேன். ஏரி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வேண்டிய மட்டும் அழகாக இருந்துவிட்டுப் போகட்டும்.

சயாமிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள், ஒருவர் இருவராக. வந்தவர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள், பெயரைச் சொன்னார்கள். சிலரைத் தோட்டத்து ஆட்களே அவர்கள் சொன்ன பெயரை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். கிராணியைப் பற்றி எல்லோரிடமும் கேட்டேன். ஒருவன் கடைசியாக ஆஸ்பத்திரிக் கொட்டகையில் பார்த்ததாகச் சொன்னான். இன்னொருவன், இல்லை, வேறு முகாமுக்கு மாற்றினார்கள் என்றான். செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. பதிவில் அவர் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லா நடைமுறையும் தெரிந்தவன் நான். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

யுத்தம் முடிந்தது. ஜப்பான்காரர்களும் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார்கள். இந்த விஷயத்தில் துரைமார்கள் எல்லோரும் ஒரே ஜாதி. எல்லையில் மூங்கில் இல்லை, எண்ண ஆள் இல்லை. அதற்குப் பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். பழைய வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்து, இந்தக் கிழவர் யார், இவரை யார் வேலைக்குச் சேர்த்தது என்று கேட்கும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒழுங்கான கேள்வி. பதிலுக்கு எழுத்து மூலம் ஆதாரம் இல்லை. எழுந்துவிட்டேன்.

தேயிலை லாரி ஒன்றில் ரந்தாவுக்கு வந்து இறங்கினேன். வாசலில் ஒரு சின்னப் பெண் கல் விளையாடிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்னிடம் வரவில்லை.

"அம்மா! யாரோ தாத்தா வந்திருக்காங்க" என்று உள்ளே கத்திவிட்டுக் கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள்.

பிள்ளையைத் தாயிடம் சேர்த்தாயிற்று என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எந்த ஆபீசிலும் தரமாட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணில் லாரிப் புழுதி.

கமலம் ஓடி வந்தாள். கையெல்லாம் மாவு. என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த லாரியைப் பார்த்தாள். டிரைவர் மூட்டையைக் கீழே தள்ளினான், பின்கதவைச் சாத்தினான், ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். அவள் அசையவில்லை. லாரி ரப்பர் மரங்களுக்குள் திரும்பி, சத்தமும் அடங்கியது.

பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் பையை வாங்கிக்கொண்டாள்.